முகம் காட்டாத பட்சி

அத்தைக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துக் குழந்தை பிறந்தபோது எனக்குப் பத்து வயது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பதால் ஆவடிப் பக்கம் கோவில்பதாகைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாத்தாவும் பாட்டியும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா அதில் ஒரு பங்கை என் தலைக்கு இறக்கி வைத்தாள். குழந்தைத் துணிகளைப் பொழுது சாய்வதற்குள் கொடியிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். அது என் வேலை.

பழைய வேட்டியைக் கிழித்த துண்டுத் துணிகள், ஒரு நாளைக்கு இருபது முப்பது சேரும். காயவில்லை என்றாலும் ஆறு மணிக்குமேல் வெளியே கிடக்கக் கூடாது. கூடு திரும்பும் பறவையின் நிழல் துணியில் விழுந்தால், அதைக் கட்டிக்கொள்ளும் குழந்தை வயிற்றாலே போய் இளைத்துத் துரும்பாகிவிடும். பட்சி தோஷம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்களும் துணியை மட்டும் நேரத்தோடு எடுத்துவிடுவார்கள். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் தள்ளிவிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்லுவார். அப்பேர்ப்பட்டவரும் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் கொல்லைக் கொடியைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் குழந்தையை.

கொல்லைச் சுவரைத் தாண்டினால் ஒரு துண்டு நிலம். எங்கள் பங்காளிகள் நெல் விளைந்த நிலங்களையெல்லாம் விற்றுத் தீர்த்தபோது இதை மட்டும் விற்க முடியவில்லை. யாருக்கு எவ்வளவு என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் கோர்ட்டுக்கு அலைந்த வருஷங்களில் அங்கே நுணாவும் நொச்சியும் உண்ணிச்செடியும் தலைக்குமேல் வளர்ந்துவிட்டன. நடுவில் ஒரு கிழட்டு மாமரம், அதன் கீழே முழங்கால் அளவுக்கு மக்கிய சருகு. பாம்பு இருக்கிறது என்று என்னைப் போகவிட மாட்டார்கள். அதனாலேயே எனக்கு அதன் எல்லா வழியும் தெரியும். நிலத்தின் அந்தக் கோடியில் புதிதாக நாலு மாடி ஃப்ளாட் ஒன்று முளைத்திருந்தது.

அந்த ஃப்ளாட்டில் லிஃப்ட் ஓட ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் தொடங்கியது. ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த சாயங்காலம். தெருப் பிள்ளைகள் ஆறு பேர் வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்து மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தோம். அதுவரை நான் லிஃப்டில் ஏறியதே இல்லை. வாட்ச்மேன் வந்து விரட்டியபோது வெளியே இருட்டியிருந்தது. துணி ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஓடிவந்து பார்த்தால் கொடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்குகிறது. வாரிச் சுருட்டிக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ விசிலடித்தார்கள். இரண்டே ஒலி. ஒன்று மேலே ஏறி நின்றது, அடுத்தது வழுக்கிக் கீழே விழுந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். சுவரில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இறங்கியதும் மறுபடி கூப்பிட்டது.

உள்ளே போனதும் அம்மா கேட்டாள், “துணியெல்லாம் எடுத்துட்டியா?”

“அப்பவே எட்த்துட்டேனே” என்றேன்.

அறைக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அத்தை, “அண்ணி, பின்னால இன்னாவோ புதுசா ஒண்ணு கத்துது, கேட்டீங்களா?” என்றாள். அம்மாவுக்கு அடுப்பு வேலை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் கேட்டதைச் சொல்லாமல் துணிகளை மடிக்க உட்கார்ந்தேன்.

திங்கள், செவ்வாய் எல்லாம் நன்றாகவே இருந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் அந்த விசில் கேட்டது. புதன்கிழமை குழந்தைக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. தெருமுனை டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். அவர் ஒரு பாக்கெட் பொடியைக் கொடுத்துத் தண்ணீரில் கரைத்து அடிக்கடி புகட்டச் சொன்னார். நாளைக்கும் நிற்காவிட்டால் உடனே கொண்டுவரச் சொன்னார். மறுநாளும் நிற்கவில்லை. புகட்டியது அத்தனையும் வெளியே வந்தது. ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. அடுத்த புதன்கிழமை அத்தையின் மாமியார் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவதாக ஏற்பாடு. மூன்றாம் மாதம், முறைப்படி. ஏழு வருஷம் கழித்துப் பிறந்த ஆண் குழந்தை. அதை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அப்பா கணக்குப் போட்டார்.

“பெத்த ஊட்ல ஒயுங்காப் பாத்துக்கலன்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாங்க. ஒரு நாள் பொறுங்க. தாவலையாயிடும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கை வாழப்போகிற வீட்டில் அவள் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்த வாரம் யாருக்குமே கெட்ட எண்ணம் இருக்கவில்லை. பொய் சொன்ன எனக்குக்கூட.

வெள்ளிக்கிழமை காலை குழந்தை பால் குடிக்கவில்லை. அழவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டிருந்தார்கள். அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா என்னைக் குடையோடு திருமுல்லைவாயிலுக்கு அனுப்பி வேர்க்காரம்மாவைக் கூட்டிவரச் சொன்னாள். வேர்க்காரம்மா ஸ்டேஷன் பக்கம் காலையில் இட்லிக்கடை போடுவார். பத்து மணிக்குக் கடையைக் கட்டியதும் குழந்தைகளுக்கு வேர் கட்டுவார். எந்தப் பறவையின் நிழல் என்று கண்டுபிடித்து, அந்தந்தப் பறவைக்கு ஒரு வேரை மஞ்சள் நூலில் கட்டி இடுப்பில் போடுவார். காக்கைக்கு ஒன்று, கொக்குக்கு ஒன்று, ஆந்தைக்கு ஒன்று. ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் அவர் வேர் கட்டாத குழந்தை கிடையாது என்று சொல்லுவார்கள். என் இடுப்பிலும் ஒரு காலத்தில் கட்டியிருக்கிறார்.

வந்தவர் கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுக் குழந்தையின் உச்சிக்குழியில் விரல் வைத்துப் பார்த்தார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து விட்டார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் பிடித்த இடத்திலேயே மடிந்து நின்றது. உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது, பிறகு மூடிக்கொண்டது. அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“துணி எதனா வெளிய கெடந்துச்சா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா சட்டென்று, “நாந்தான் ஒரு நாளு மறந்துட்டேன்” என்றாள். அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. அது என் வேலை. அப்போது எனக்கு அம்மாவின் மேல் நன்றி வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

“இன்னா பட்சிம்மா கத்துது இங்க?”

“புதுசா ஒண்ணு, விசிலடிக்கிற மாரி” என்றாள் அத்தை. “அஞ்சு நாளா கத்துது. யாரும் பாக்கல.”

வேர்க்காரம்மா தலையை ஆட்டினார். “இது மொகங்காட்டாத பட்சி. பக்கத்துலயே கீது, ஆனா ஒர்த்தர் கண்ணுக்கும் ஆப்டாது. இதுக்கு எங்கையில வேரு இல்ல. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடு. அங்க ஊசி போட்டா பட்சி எறங்கும். இன்னிக்கே போவணும், நாளைக்கு நாளானிக்குன்னு இஸ்துகினு கெடக்காத.”

“அவரு வரணுமே” என்றாள் அம்மா.

“யாரு வந்தா இன்னா, வரலன்னா இன்னா. நா சொன்னேன்னு சொல்லு. இது ஊட்ல வச்சினு பாக்குற பட்சி இல்ல.”

வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டியதும் கையால் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார். வேர்க்காரம்மா தட்டை ஒதுக்கினால் விஷயம் பெரிது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா எதிர்வீட்டுப் போனிலிருந்து அப்பாவின் கம்பெனிக்குப் பேசினாள். அவர் கம்பெனியில் ஆள் வராததால் இரண்டு மணிக்குப் பதில் ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள் என்றார். ஆனால் மறுக்கவில்லை. ஆறு மணிக்கு ஆட்டோவோடு வந்துவிடுவதாகச் சொன்னார். மாமியார் வீட்டுக்கு என்ன சொல்வது என்றுகூடக் கேட்கவில்லை. தோஷம் என்றால் யார் மேலும் குற்றம் இல்லையே. அத்தை பையில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் மேலும் குற்றம் இல்லாமல் இல்லை. அந்தப் பட்சியின் நிழல் விழுவதற்குத் துணியை வெளியே போட்டவள் நான். குழந்தை செத்துப்போனால் கொன்றது நான். இது எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. கத்துவது முகம் காட்டாத பட்சி இல்லை என்று ஆகிவிட வேண்டும். யாராவது அதன் முகத்தைப் பார்த்துவிட்டால் அது வேறு ஏதோ சாதாரணக் குருவி என்று ஆகிவிடும். குழந்தையும் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.

மழை நாலரை மணிக்கு விட்டது. நான் சுவரேறிக் குதித்தேன்.

நொச்சிப் புதருக்குள் குனிந்து பத்தடி போயிருப்பேன். “ஏ, அசையாத” என்று அடித்தொண்டையில் ஒரு குரல். பார்த்தால் ஒரு பெண், பிளாஸ்டிக் கவர் சுற்றிய பெரிய கேமராவோடு சேற்றில் உட்கார்ந்திருக்கிறாள். புது ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் இருப்பவள். ஐ.டி. கம்பெனியில் வேலை, திருநெல்வேலிப் பக்கம் ஊர். பால்கனியில் எந்நேரமும் கேமராவோடு நிற்பதால் தெருப் பிள்ளைகள் அவளைக் கேமரா அக்கா என்போம். யாரோடும் பேசமாட்டாள்.

“நீயும் அதத்தான் தேடுதியா?” என்றாள்.

ஆமாம் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்து நாளாக அது கூப்பிடுவதைப் பால்கனியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். குரலை வைத்து என்னவென்று தெரியும், ஆனால் கண்ணால் பார்க்காமல் தன் பறவைப் பட்டியலில் எழுத மாட்டாளாம். “எங்க ஊர்ல ஆறுமணிக்குருவிம்பாங்க. வடக்க காட்டுக்குள்ள இருக்கது. குளிர்காலம் வந்தா ராத்திரியா பறந்து தெக்க வரும். வார வழியில இந்த மாதிரி பொதருல நாலஞ்சு நாள் எறங்கிக் கெடக்கும். கேட்டவங்க ஆயிரம் பேரு, பாத்தவங்க ரொம்பக் கம்மி. நான் நாலு வருஷமா அலையுதேன்.” இதை அவள் என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. பிறகு, “ஒனக்கு உள்ள போக வழி தெரியுமா?” என்றாள்.

அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். தவழ்ந்துதான் போக வேண்டும். உண்ணிமுள் கிழித்தது, அட்டைப்பூச்சியும் எறும்பும் ஏறின. மாமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய வரப்பின் மறைவில் இருவரும் குப்புறப் படுத்தோம். சேறு சட்டைக்குள் இறங்கியது. இலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிரச் சத்தமே இல்லை. எனக்கு வீட்டு ஞாபகமாகவே இருந்தது. ஆட்டோ வந்திருக்குமா, கிளம்பியிருப்பார்களா என்று. அதற்குமுன் நான் போய்ச் சொல்லியாக வேண்டும்.

விசில் கேட்டது. மேலே இல்லை, எங்களுக்கு நேரே, தரையிலிருந்து. அவ்வளவு நாள் மரத்தின்மேல் பார்த்ததுதான் எல்லோரும் செய்த தப்பு.

முதலில் சருகு அசைந்தது. பிறகு ஒரு வால். வால் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு குட்டை. தத்தித் தத்தி வெளியே வந்து, தொலைத்த மூக்குத்தியைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பார்த்தது. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, நடு உச்சியில் இன்னொரு கறுப்புக் கோடு. தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, தோளில் நீலம், வயிறு மணல் நிறம். வாலடியில் மட்டும் குங்குமம் அப்பிய மாதிரி சிவப்பு. அப்படி ஒரு அழகை எங்கள் வழக்கு நிலத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு புழுவை இழுத்து விழுங்கிவிட்டுத் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் முகத்தை நேராகக் காட்டியது. கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து இரண்டு ஒலியை விட்டது.

கேமரா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது புதருக்குள் போன பிறகு பார்த்தால் கேமரா அக்கா அழுதுகொண்டிருந்தாள். சிரிக்கவும் செய்தாள்.

“அக்கா, இதால பாப்பாவுக்கு எதனா ஆவுமா?” என்று கேட்டேன்.

“எந்தப் பாப்பாவுக்கு?” அவள் கேமராவின் பின்பக்கத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க அத்த பாப்பாவுக்கு. ஒடம்பு சரியில்ல.”

“சே, இது பாவம், பூச்சி தின்னுத குருவி. இதால யாருக்கு என்ன ஆகப்போகுது? ஒண்ணும் ஆகாது.” படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபடி சொன்னாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. ஒரு எழுத்து தப்பில்லை.

ஓடினேன். வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா வண்டிக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தை குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு ஒரு காலை ஆட்டோவில் வைத்திருந்தாள். நான் சேறும் ரத்தமுமாக நடுவில் போய் நின்றேன்.

“நான் மொகத்தப் பாத்துட்டேன்! அது அந்தப் பட்சி இல்ல. ஆறுமணிக்குருவி. கேமரா அக்கா படம் புட்ச்சிருக்காங்க. அவங்க பட்ச்சவங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க.”

குருவியால் ஒன்றும் ஆகாது என்றுதான் அவள் சொன்னாள். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது நான். ஓடிவருகிற அந்த நூறடிக்குள் ஒரு வாக்கியம் இன்னொன்றாக மாறிவிட்டது. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது. இல்லை, ஒன்றாக இருக்க வேண்டும் என்று பட்டது.

படம் எடுத்த கையோடு கேமரா அக்காவும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். நிலத்துக்காரர்களிடம் காலையில் நாலைந்து நண்பர்களைக் கூட்டிவர அனுமதி கேட்க வந்தாளாம். சந்தோஷத்தில் அவளுக்கு ஆட்டோவும் தெரியவில்லை, சால்வையும் தெரியவில்லை. கேமராவை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். ஆட்டோக்காரரும் வந்து பார்த்தார்.

“இதுவா கத்திகினு கெடந்துச்சு? இன்னாமா அழகா கீது” என்றார் அப்பா. அவர் முகத்திலிருந்து அத்தனை நாள் பாரமும் இறங்கியதை நான் பார்த்தேன். “இதப் போயி இன்னா இன்னாவோ சொல்லி பயமுறுத்திட்டுப் பூட்சே அந்தம்மா.”

அத்தை என்னிடம் மட்டும் கேட்டாள். “மெய்யாலுமா? நல்லாப் பாத்தியாடி?”

“சத்தியமா அத்த. என்ன நேரா பாத்துச்சு.”

அத்தை மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஆட்டோவிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

“யோவ், வரீங்களா இல்லியா? சவாரி உட்டுட்டு நிக்கிறேன்” என்றார் ஆட்டோக்காரர். அப்பா அவருக்கு ஏதோ கொடுத்து அனுப்பினார். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் பிள்ளையை வெளியே கொண்டுபோகாமல் இருந்ததே நல்லது என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

விடியற்காலையில் அத்தையின் குரல் கேட்டு எழுந்தேன். அது அழுகை இல்லை. குழந்தையை எழுப்புகிற மாதிரி, செல்லமாக, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே போன பிறகுதான் அழுகை வந்தது. அப்பா சட்டையில்லாமல் தெருவுக்கு ஓடினார். டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி அவரைக் கைலியோடு கூட்டிவந்தார். அவர் உள்ளே இருந்தது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. வெளியே வந்து செருப்பை மாட்டாமல் நின்றார். “நான் அன்னிக்கே வரச் சொன்னேனே” என்று மட்டும் சொன்னார்.

நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கேமரா அக்காவும் ஐந்தாறு பேரும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு மாமரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் கேமரா. விசில் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து அம்மாவும் அத்தையும் சேர்ந்து அலறிய சத்தமும் கேட்டது. ஒருவர் எரிச்சலோடு திரும்பி, சத்தம் போடாதீர்கள் என்று விரலை உதட்டில் வைத்தார். வைத்த பிறகுதான் அது என்ன சத்தம் என்று அவருக்குப் புரிந்தது. விரலை எடுக்கவும் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கேமரா அக்கா சுற்றிக்கொண்டு எங்கள் வாசல்வரை வந்தாள். உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை வர வேண்டிய மாமியார் வீட்டார் சனிக்கிழமையே வந்தார்கள். அப்பா பயந்த வார்த்தைகளை எல்லாம் சொன்னார்கள், பயப்படாததையும் சொன்னார்கள். அத்தை அவர்களோடு போனாள். அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அவளுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

பத்து வயதுப் புத்திக்கு எட்டிய ஒரே முடிவு, நான் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டேன் என்பதுதான். அந்தப் புதருக்குள் இரண்டு பறவை இருந்திருக்க வேண்டும். அழகானது என் கண்ணில் பட்டது. உண்மையானது பின்னால் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வழக்கு முடிந்து நிலம் விலைபோகிற வரைக்கும், ஆறு வருஷம், ஒவ்வொரு ஐப்பசியிலும் சுவரேறிக் குதித்தேன். ஆறுமணிக்குருவி மூன்று தடவை வந்தது. மற்றது வரவே இல்லை. துணி விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா இறந்தபோதுகூடக் காதருகே குனிந்தேன், வாய் வரவில்லை.

போன மாதம் என் மகளுக்குத் தடுப்பூசி போடத் திருமுல்லைவாயிலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பேரக் குழந்தையோடு வந்திருந்தார். பேச்சு வாக்கில் வேர்க்காரம்மா இறந்துபோன கதை வந்தது.

“எங்க பையனையே காப்பாத்துனது அந்தம்மாதான்” என்றார் அந்த அம்மாள். “மூணு மாசத்துப் புள்ள, வாந்தி பேதி. எம் மாமனாரு ஆஸ்பத்திரிக்கு உடவே மாட்டேன்னுட்டாரு. இந்தம்மா வந்து உச்சிக்குழிய தொட்டுப் பாத்துச்சு. இது மொகங்காட்டாத பட்சி, எங்கையில வேரு இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போன்னுச்சு. அப்பால மாமனாரே ஓடிப்போயி ஆட்டோ புட்ச்சாரு. பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு, அதுக்கும் அதான் சொல்லிச்சாம். கைமீறிப் போன புள்ளைக்கெல்லாம் அதே பட்சிதான் சொல்லும் அந்தம்மா.”

“அது எந்தப் பட்சின்னு யாராவது பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “புள்ள சாவக் கெடக்குது, குருவியவா போயி பாப்பாங்க?”

நான் போய்ப் பார்த்தேன்.